ஆறு ஞாயிற்றுக்கிழமைகளின் இறைச்சி

ஹேமிஷ் வீட்டைவிட்டுப் போன சனிக்கிழமையன்று, காலையில் அவன் அறுத்த ஆட்டுக்குட்டி கொட்டகையில் தொங்கிக்கொண்டிருந்தது. தோலை உரித்து, குடலை எடுத்து, ஈ அண்டாமல் வலையை இழுத்துவிட்டு, கத்தியையும் கழுவி வைத்திருந்தான். மதியச் சாப்பாட்டில்தான் சண்டை வந்தது.

தென்கோடி ஆட்டுப் பிரதேசமான சௌத்லேண்டில் பக்கத்துப் பண்ணைகளெல்லாம் ஒவ்வொன்றாகக் கறவை மாட்டுக்கு மாறிக்கொண்டிருந்த வருடம் அது. ஆற்றோரத்து நிலத்தையாவது மாட்டுக்கு விடலாமே என்று ஹேமிஷ் ஆரம்பித்தான்.

"இது ஆட்டு நிலம்," என்றார் அலிஸ்டர். "மாட்டுக்குப் பின்னாடி சாணி மிதிக்கணும்னா வேற வீடு பாத்துக்க."

"இருபத்தேழு வயசாச்சுப்பா. இன்னும் ஒரு கேட்டைத் திறக்கணும்னாக்கூட உன்னைக் கேக்கணுமா?"

"கேக்கப் பிடிக்கலன்னா, வாசல் அந்தப் பக்கம் இருக்கு."

"சரிப்பா."

நோலீன் கணவரைப் பார்த்தாள். 'உக்காருடா' என்று ஒரு சொல் போதும். அலிஸ்டர் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

மகனை இன்வர்கார்கில் விமான நிலையத்தில் இறக்கிவிட்டது அவள்தான். ஆஸ்திரேலியாவில், மேற்கே எங்கோ ஒரு சுரங்கத்தில், நண்பன் வேலை சொல்லி வைத்திருந்தானாம். பெட்டியை எடுத்துக்கொண்டவன் ஜன்னலுக்குள் குனிந்தான்.

"அம்மா, குட்டிய செவ்வாக்கிழமை வரைக்கும் தொங்க விடச் சொல்லு. நல்ல குட்டி."

அவள் திரும்பி வந்தபோது கொட்டகையில் ரம்பச் சத்தம் கேட்டது. அலிஸ்டர் குட்டியைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார். தொடைகள் இரண்டும் ஏற்கெனவே விரல் கனத் துண்டுகளாகப் பலகையில் கிடந்தன.

"என்ன பண்ற?"

"சும்மா தொங்கிக்கிட்டு எடத்த அடைக்குது."

"அவன் செவ்வாக்கிழமைன்னு..."

"அவன் இங்க இல்ல."

அறுத்த ஆட்டின் சதை முதலில் விறைக்கும். இரண்டு மூன்று நாள் தொங்கினால்தான் விறைப்பு இறங்கி இளகும். அதற்கு முன் உறையவைத்தால் சுருங்கி முரடாகிப்போகும். பிறகு எந்தச் சமையல்காரி வறுத்தாலும் மெல்ல முடியாது. அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த சங்கதி இது. நாற்பது வருடம் ஆடு அறுத்த மனிதர், ஆத்திரத்தில் அத்தனையையும் பொட்டலம் கட்டி உறைபெட்டிக்குள் போட்டு மூடினார்.

மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை நோலீன் இரண்டு தொடைத்துண்டுகளை எடுத்தாள். அவள் கைப்பக்குவம் ஊரறிந்தது. இறைச்சியின் குளிர் விடும்வரை வெளியே வைத்தாள். ஈரத்தைத் துணியால் ஒற்றி உப்பும் மிளகும் தடவினாள். இரும்புச் சட்டி புகைய ஆரம்பித்ததும், முதலில் விளிம்புக் கொழுப்பு சட்டியில் படும்படி துண்டுகளை நிமிர்த்திப் பிடித்தாள். கொழுப்பு உருகி ஓடியதும் அதிலேயே படுக்க வைத்து, பக்கத்துக்கு மூன்று நிமிடம். இறக்கி ஐந்து நிமிடம் ஆறவிட்டு, புதினாவும் வினிகரும் சர்க்கரையும் கலந்த சாறு, உருளைக்கிழங்கு, பட்டாணி. ஒரு குறையும் வைக்கவில்லை.

கத்தி இறங்கவில்லை. அலிஸ்டர் அறுத்தார், மென்றார், மென்றுகொண்டே இருந்தார்.

"எப்படியிருக்கு?" என்று கேட்டாள் நோலீன்.

"நல்லாருக்கு."

அன்றைக்கு அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். இறைச்சி முரடு என்று அந்த வாயால் ஒருதரம் சொல்லட்டும். அதைச் சொன்னால், ஆத்திரத்தில் கெடுத்தது தான்தான் என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். சொல்லிவிட்டால் பிள்ளையைக் கூப்பிட்டுவிடலாம். அதுவரை தட்டில் இதுதான்.

பக்கத்துப் பண்ணை பெரில் ஒரு ஞாயிறு வந்து ஒரு வாய் தின்று பார்த்தாள். முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அடியேய், என்னடி இது, குதிரைச் சேணமா? வெங்காயம் கேரட்டு போட்டு மூணு மணி நேரம் அடுப்புல வேகவிடு. அலிஸ்டர் பூட்ஸ்கூட வெந்துடும்."

"தெரியும் பெரில்."

"தெரிஞ்சுமா வறுக்கற?"

"வறுக்கத்தான் செய்வேன்."

பெரில் அவளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மிச்சத்துக்கு உருளைக்கிழங்கை மட்டும் தின்றுவிட்டுப் போனாள்.

நாலாவது ஞாயிறு, அலிஸ்டர் கத்தியை வைத்துவிட்டு "நோலீன்," என்றார். அவள் நாற்காலியை முன்னே இழுத்துக்கொண்டாள்.

"என்ன?"

இறைச்சியைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினார், திரும்ப நடுவுக்கு இழுத்தார். "உப்ப எடு."

அந்த வாரம் மகனின் விலாசம் கேட்டார். எதற்கு என்றாள். வரிக் காகிதம் ஏதோ வந்திருக்கிறது, அனுப்ப வேண்டும் என்றார். எழுதிக் கொடுத்தாள். அதன் பிறகு தினமும் கடைசிக் கேட்டுத் தபால்பெட்டி வரைக்கும் நாயைக் கூட்டிக்கொண்டு நடந்து போய்வந்தார். கம்பளி விலைப் பட்டியலுக்காக அலைகிறார் என்று அவள் நினைத்தாள். 'பிள்ளைக்காக நடக்காத கால் கம்பளிக்காக நடக்குது' என்று மனசுக்குள் கறுவிக்கொண்டாள்.

ஆறாவது ஞாயிறு கடைசி இரண்டு தொடைத்துண்டும் தீர்ந்தன. அவர் சொல்லவில்லை. அவளும் விட்டுக்கொடுக்கவில்லை. வருடா வருடம் கிறிஸ்துமஸுக்கு ஹேமிஷ் போன் செய்வான். அலிஸ்டர் பக்கத்தில் வந்து நிற்பார். அவன் அப்பாவைக் கேட்கமாட்டான். அவரும் போனுக்குக் கை நீட்டமாட்டார்.

எட்டு வருடம் இப்படியே போயிற்று. ஒரு குளிர்காலக் காலையில் ஆட்டுப் பட்டியில் அலிஸ்டர் விழுந்தார், எழுந்திருக்கவில்லை. ஹேமிஷ் அடக்கத்துக்கு வந்தான், சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தான், இரண்டாம் நாள் விமானம் ஏறினான். நோலீன் அழுதாள். ஆனால் அழுகைக்கு நடுவிலும் ஒரு கணக்கு அவளுக்குத் தீரவே இல்லை. ஒரு சொல் சொல்லாமல் போய்விட்டாரே இந்த மனுஷன்!

அதற்கும் மூன்று வருடம் கழித்து, ஒரு ஞாயிறு மதியம், தனக்கென்று ஒரே ஒரு தொடைத்துண்டைச் சட்டியில் நிமிர்த்திப் பிடித்திருந்தபோது, ஜன்னலோரம் கைபேசி ஒலித்தது. ஹேமிஷின் செய்தி.

"அம்மா, பழைய டூல் பாக்ஸைக் காலி பண்ணேன். அடியில அப்பாவோட லெட்டர். நான் வீட்டைவிட்டுப் போன வருஷமே வந்தது. முதல் வரியைப் படிச்சதும் கோவம் வந்து மடிச்சு எறிஞ்சேன். அதுக்குக் கீழ படிக்கவே இல்லம்மா. இன்னிக்குத்தான் படிச்சேன்."

கீழே கடிதத்தின் படம் இருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு, கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அலிஸ்டரின் சாய்ந்த பெரிய எழுத்து.

"ஹேமிஷ், நீ அறுத்த குட்டி செருப்பு மாதிரி இருக்கு. உன் மேல தப்பில்ல. நீ நல்லாத்தான் அறுத்த. அன்னிக்கு ராத்திரியே நான் பொட்டலம் கட்டிட்டேன். தொங்க விட்டிருக்கணும். எனக்குத் தெரியாததில்ல. உங்கம்மா வாராவாரம் அதையேதான் வறுத்துப் போடறா. நியாயந்தான். செப்டம்பர்ல ஆடுங்க குட்டி போட ஆரம்பிக்கும், எனக்கு ஒரு கை வேணும். ஆத்தோரத்து நிலத்தப் பத்தி வந்து பேசு. அப்பா."