வாசனையில்லாத எஸ்திரகோன்

கொடி மாறி மூன்று வருஷம் ஆகியும் முதலியார்பேட்டையில் ஒரு வீட்டில் மட்டும் பிரெஞ்சு ஆட்சி அப்படியே நடந்துகொண்டிருந்தது. எனக்கு மாமா முறையாகும் ஒரு பழைய சொல்தாவின், அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாயின், வீடு அது. சைகோனிலும் மார்செயிலும் துப்பாக்கி தூக்கிவிட்டு, பென்ஷனோடு ஊர் திரும்பியவர். தாயில்லாத அவருடைய ஒரே பெண்ணைக் கேட்டு நான் போனேன். நான் பள்ளிக்கூடத்தில் தாவரவியல் வாத்தியார். ஊரிலுள்ள அத்தனை செடிக்கும் லத்தீன் பெயர் தெரியும் என்ற கொழுப்பு எனக்கு அப்போது நிறையவே உண்டு.

"செடி வாத்தியாரா? அப்ப எஸ்திரகோன் தெரியுமா?" என்றார் மாமா.

தெரியும் என்றேன். கண்ணால் பார்த்ததில்லை என்பதைச் சொல்லவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் கோழியில் போட்டுச் சமைக்கும் தழை அது. நம் மாசிப்பத்திரிக்கும் மரிக்கொழுந்துக்கும் பங்காளி. எல்லாம் ஒரே பேரினம். மூச்சுவிடாமல் ஒப்பித்தேன்.

"வாயால சொன்னா கோழி ருசிக்குமா? வளத்துக் கொண்டா. அதத் தின்னு இருவது வருஷமாச்சி. அப்புறம் பேசலாம் கல்யாணத்த."

பெண் கதவோரம் நின்றிருந்தாள். என்னைப் பிடித்திருக்கிறதா என்று அவளை யாரும் கேட்கவில்லை. கேட்க எனக்கும் தைரியமில்லை. செடி முளைத்தால் பெண் கிடைப்பாள், சரி. அவள் மனசு கிடைக்குமா? அன்றிலிருந்து அதுதான் என்னை அரித்தது.

பாரிசிலிருந்த சிநேகிதன் தபாலில் விதை அனுப்பினான். மழை விட்டதும் தொட்டியில் தூவினேன். மளமளவென்று இடுப்பு உயரத்துக்கு வந்துவிட்டது. பிளவில்லாத நீள இலை, கடுகளவு பூ, எல்லாம் புத்தகத்தில் இருந்தபடியே இருந்தன.

கெடுத்தது என் அம்மா. "மரிக்கொழுந்துக்குப் பங்காளின்னு நீதான சொன்ன? அப்ப மொத கொத்து அம்மனுக்கு" என்று நேர்ந்துகொண்டாள். சாமிக்கு நேர்ந்ததை மோந்து பார்க்கக் கூடாது. எங்கள் வீட்டில் பூஜைக்கு மல்லிகை தொடுக்கும்போதுகூட முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். லத்தீன் படித்தால் மட்டும் அது போய்விடுமா? தண்ணீர் ஊற்றினேன், புழு பொறுக்கினேன், இலையை அளந்து நோட்டில் குறித்தேன். மோந்து மட்டும் பார்க்கவில்லை. நாலு மாதம் இந்தக் கூத்து நடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் கொத்து அம்மன் காலடிக்குப் போனது. இரண்டாவது கொத்தை மூக்கில் வைத்தேன். வைக்கோல். கசக்கிப் பார்த்தேன். கசக்கிய வைக்கோல். ஓடிப்போய்ப் புத்தகத்தைப் புரட்டினால், நான் சோம்பலில் திருப்பாமல் விட்ட அடுத்த பக்கத்தில் விஷயம் தெளிவாக இருக்கிறது. மணக்கும் எஸ்திரகோனில் முளைக்கிற விதையே பிடிக்காது. வேரைப் பிரித்து நட்டுத்தான் அதைப் பெருக்க வேண்டும். விதையில் முளைப்பது காட்டு எஸ்திரகோன். படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பது என் விஷயத்தில் அட்சரம் பிசகாமல் பலித்தது.

அதற்குள் மாமா கோழி வாங்கிவிட்டார் என்று ஆள் வந்து சொல்லிவிட்டான். கொத்தை எடுத்துக்கொண்டு போனேன். மாமா ஓர் இலையைக் கிள்ளி மென்றார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கொத்தைப் பெண்ணிடம் நீட்டி, "போயி ஆக்கும்மா" என்றார்.

இலை போட்டு உட்கார்ந்தோம். மாமா ஒரு வாய் வைத்தார். கண்ணை மூடினார்.

"இதான்" என்றார். "இதேதான்."

அடுத்த முகூர்த்தத்திலேயே கல்யாணம் நடந்தது. நான் சும்மா இருந்தேனா? அடுப்புச் சூட்டில்தான் இந்தச் செடியின் உள்வாசனை வெளிப்படுகிறது என்று ஒரு தத்துவம் கண்டுபிடித்து, நாலு வருஷம் வகுப்பில் பாடமே நடத்தினேன். வீட்டுக்கு யார் வந்தாலும் அதைச் சொல்வேன். என் மனைவி தலையைக் குனிந்துகொண்டு பரிமாறுவாள்.

ஒருநாள் சாப்பாட்டில் மாமாவிடமே ஆரம்பித்தேன். அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

"போதும் மாப்ள. உன் தழையில துளி வாசனை கெடையாது. அன்னிக்கு நீ வந்தப்ப எம்பொண்ணு தலையில ஒரு கொத்து மரிக்கொழுந்து இருந்துது. சோறு போட வந்தப்ப வெறுந்தல. கோழியில மணந்தது அதுதான். எஸ்திரகோன் எது, மரிக்கொழுந்து எதுன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் மாமா பொண்ணு குடுத்தீங்க?"

"தலையில வெச்சத எடுத்து உனக்காகக் கொழம்புல போட்டிருக்கா. அதுக்கு மேல அவகிட்ட என்னான்னு கேக்கறது?"

நிமிர்ந்து பார்த்தேன். அவள் முகம் சிவந்திருந்தது.

"ரசம் ஊத்தட்டா?" என்றாள்.