ராஜி மிஸ் வாசலில் நின்று கேட்டதில்லை

உடப்புசல்லாவையில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில், ஒரு காம்பராவின் அடுப்புக்குப் பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்திருந்தபோது செய்தி வந்தது. கொட்டகலையில் பஸ்ஸுக்கு நின்ற ராஜலெட்சுமி மிஸ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டதாம். "சும்மா சொல்லாதீங்கய்யா" என்றேன். முந்தின நாள்தான் என்னோடு சண்டை பிடித்திருந்தார். கணக்கெடுப்புப் படிவத்தில் ஒரு கேள்வியை மாற்றச் சொல்லி நான் இன்னும் மேலிடத்துக்கு எழுதவில்லை என்று.

வட்டகொடைப் பக்கத்துத் தோட்டங்களில் ராஜி மிஸ் என்றால்தான் தெரியும். தாய்மாரையும் பிள்ளைகளையும் பார்க்கும் மருத்துவமாது. தோளில் தராசோடு லயம் லயமாக ஏறியிறங்கியவர். நானோ, யார் வீட்டில் சாப்பாடு இருக்கிறது, யார் வீட்டில் இல்லை என்று எழுதிப்போகும் வெளிக்கள உத்தியோகத்தன். இருவருக்கும் ஒரே வயது, ஒரே பிடிவாதம். இறந்தவரைப் பற்றி நல்லதை மட்டும் சொல்ல வேண்டுமென்பார்கள். அதற்கும் அவர் சண்டைக்கு வந்திருப்பார்.

நாங்கள் முதலில் மோதிக்கொண்டது, மாவும் அரிசியும் கைக்கெட்டாத விலைக்குப் போன வருடம். "மூணு வேளையும் சாப்பிடுறீங்களா?" என்று, படிவத்தில் இருந்தபடியே, ஒவ்வொரு வாசலிலும் நின்று கேட்டேன். லயத்தில் ஒருவர் தும்மினால் நாலாவது காம்பராவுக்குக் கேட்கும். அத்தனை காது கேட்க எந்தத் தாய் இல்லை என்பாள்? "சாப்பிடுறோம் சார், ஒரு குறையும் இல்ல" என்றார்கள். எழுதிக்கொண்டேன். அந்தத் தோட்டத்தில் பசி இல்லை என்று அறிக்கை போனது. தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளை மடுவத்துக்கு வரவிருந்த மதியச் சாப்பாடு நின்றுபோனது.

பிள்ளைகளின் எடை அட்டைகளை என் மேசையில் கொட்டினார் மிஸ். "உங்க தாள்ல சாப்பிட்ட புள்ளைங்க என் தராசுல சாப்பிடலியே சார்?"

"அவங்க சொன்னதத்தானே எழுதினேன்?"

"பேனாவப் புடிச்சுக்கிட்டு வாசல்ல நின்னா எங்கம்மாவும் அதத்தான் சொல்லியிருப்பாங்க. வாங்க என்கூட."

மாரியாயி என்ற பெண்ணின் காம்பராவுக்குள் போய் அடுப்போரம் குந்திக்கொண்டார். "நேத்து என்னடி வச்ச?"

"ரொட்டி மிஸ்."

"எத்தனை?"

"ரெண்டு."

"அது புள்ளைங்களுக்கு. உனக்கு?"

மாரியாயி கேத்தலை எங்கள் பக்கம் திருப்பி வைத்தாள். வெறும் தேத்தண்ணி. அதைக் குடித்துவிட்டுத்தான், காலையில் ஆட்களைக் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போய் நாள் முழுக்கக் கொழுந்தெடுத்திருக்கிறாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

அந்தச் சாப்பாடு வரவேண்டுமானால், என் அறிக்கை பிழை என்று நானே எழுத வேண்டும். "ஒங்க பேரத்தான் கெடுத்துக்குவீங்க" என்றார் மேலதிகாரி. மூன்று நாள் தயங்கினேன். மிஸ் தினமும் போன் எடுப்பார். வணக்கம்கூடக் கிடையாது. ஒரு பிள்ளையின் பெயர், அதன் எடை, அவ்வளவுதான், வைத்துவிடுவார். நாலாம் நாள் எழுதிக் கொடுத்தேன். சாப்பாடு வந்தது.

அதோடு விட்டாரா? வெளியிலிருந்து வருவது எத்தனை நாளைக்கு என்று, மடுவத்துக்குப் பின்னால் சும்மா கிடந்த துண்டு நிலத்தை, தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் கேட்டார். கடிதம் தரச் சொன்னார் துரை. கொடுத்த கையோடு தாய்மாரைக் கூட்டி மண்ணைக் கொத்திவிட்டார். "கடுதாசி மெதுவா போயிட்டு வரட்டும் சார், அதுக்குள்ள கீரை வந்துரும்." வந்தது. இன்றைக்கும் பிள்ளைகள் அந்தக் கீரையைத்தான் சாப்பிடுகிறார்கள். துரையின் பதில்தான் இன்னும் வரவில்லை.

சாவு வீட்டில் ஓரமாக நின்றேன். மாரியாயி கிட்டே வந்து, "சாப்டீங்களா சார்?" என்றாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சுற்றிலும் ஆட்கள். "சாப்டாச்சும்மா" என்றேன். அவள் பக்கத்துக் காம்பராவிலிருந்து ரொட்டியும் தேத்தண்ணியும் கொண்டுவந்து என் கையில் வைத்தாள்.

"வாய்ல சொல்றத நம்பாதேன்னு மிஸ் சொல்லியிருக்காங்க சார்."

அதுவரை அடக்கியிருந்த அழுகை அங்கேதான் உடைந்தது.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு கேள்வியும், அதைக் கேட்க உட்காரும் இடமும். மேலிடத்துக்கு நேற்று எழுதிவிட்டேன் மிஸ். மாற்றும்வரை எழுதுவேன். உடப்புசல்லாவையில் பாதி லயம் பாக்கி இருக்கிறது, திங்கட்கிழமை போகிறேன். படிவத்தில் இன்னமும் அந்தப் பழைய கேள்விதான் அச்சாகியிருக்கிறது. நான் அதைக் கேட்கப்போவதில்லை.