செருப்புப் பாட்டுக்கு மூலையக்கா சொன்ன அர்த்தம்

மூலையக்காவுக்கு அந்தப் பெயர் அவள் வேலை செய்யும் விதத்தால் வந்தது. எங்களுடையது ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் இருக்கும் சலவைப் பிரிவு. துவைத்துக் காய்ந்து வரும் படுக்கை விரிப்புகளை மடிக்க ஆள் இரண்டு வேண்டும். ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து, பின்னால் போய் இழுத்து உதறி, பாதியாக்கி, பிறகு ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து மூலையோடு மூலையைச் சேர்க்க வேண்டும். அரை விரற்கடை பிசகினாலும் அக்கா விரிப்பை மறுபடி உதறிவிடுவாள். “மூலை சேரல” என்று ஒரு நாளைக்கு நூறு தடவையாவது சொல்வாள். அவளுக்கு ஜோடியாக நிற்க யாருக்குப் பொறுமை இருக்கும்? நான் மூன்று நாள் நின்று பார்த்துவிட்டு இஸ்திரிப் பக்கம் ஓடி வந்துவிட்டேன்.

தாக்குப்பிடித்தவர் நெட்டை ஒருவர்தான். அதுவும் ஒன்பது வருஷம். ஆறடிக்கு மேல் வளர்ந்த மனுஷர். அக்கா அவர் தோளுக்குக்கூட வரமாட்டாள். அவர் குனிந்து மூலையைக் கொடுப்பார், அவள் எக்கி வாங்குவாள். தினம் முந்நூறு விரிப்பு என்றால் முந்நூறு தடவை நேருக்கு நேர் வந்து, விரலோடு விரல் பட்டு, மறுபடி பிரிந்திருப்பார்கள். அப்படியிருந்தும் பேச்சு என்று பார்த்தால் அவள் “இந்தாங்க” என்பாள், அவர் “ம்” என்பார். அவ்வளவுதான். சாப்பாட்டு நேரத்தில் அவர் தன் டப்பாவைத் திறந்து முதலில் அவள் பக்கம் நகர்த்துவார். அவள் ஒரு கரண்டி எடுத்துக்கொண்டு தன்னுடையதை அவர் பக்கம் தள்ளுவாள். அதற்கும் வாய் திறக்க மாட்டார்கள். இவருக்கும் வீட்டில் யாரும் இல்லை, அவளுக்கும் இல்லை. நாங்கள் பார்த்துப் பார்த்து அலுத்துப்போனோம்.

இந்த நிலைமையில்தான் அந்தப் பாட்டு வந்து சேர்ந்தது. நீராவிக் குழாயில் கம்பி போட்டுக் கட்டிய ஒரு ரேடியோ எங்களுக்கு உண்டு. பதினோரு மணிக்கு நேயர் விருப்பம். இரண்டு மாதமாக எந்த நேயரும் வேறு பாட்டை விரும்பியதாகத் தெரியவில்லை. காதலி வீடு வரை வந்துவிட்ட ஒருவன் உருகி உருகிப் பாடுகிறான். “வாசல்வரை வந்துவிட்டேன், செருப்பைக் கழற்றவா வேண்டாமா, நீயே சொல்லிவிடு.” மூன்று சரணம், மூன்றிலும் இதே கேள்வி. கடைசியில் அவள் பதில் சொல்வதற்குள் பாட்டு முடிந்துவிடும். அவனை அவளுக்குப் பிடித்திருக்கிறதா, அவனுக்கே அவளைப் பிடித்திருக்கிறதா, ஒன்றும் விளங்காது. எங்களுக்கு அது செருப்புப் பாட்டு.

அதற்கு அர்த்தம் சொல்வது எங்களுக்குப் பொழுதுபோக்காகிவிட்டது. துவைக்கும் மெஷின்களுக்குத் தூள் போடும் சோப்பு அண்ணன், “உள்ள போய் உக்காந்து காபி குடிச்சிருப்பான், நீங்க வேற” என்பார். நான், “எழுதினவனுக்கே முடிவு தெரியாம விட்டிருப்பான்” என்பேன். ஆனால் பேச்சு பாட்டைப் பற்றி மட்டுமா? அந்த இரண்டு பேரை நேரடியாகக் கேட்க ஒருவருக்கும் தைரியம் கிடையாது. அதனால் அவர்கள் காதில் விழுகிற மாதிரி, “என்னப்பா, இன்னிக்காவது செருப்பக் கழட்டுவானா?” என்று குரல் கொடுப்போம். நெட்டை காது சிவக்க விரிப்பை உதறுவார். போகப் போக அந்த அறையில் செருப்புப் பாட்டு என்றாலே அவர்கள் கதை என்று ஆகிவிட்டது. எல்லோருக்கும் அது தெரியும். அக்காவுக்கு மட்டும் தெரியாது என்பது எங்கள் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

அப்போது சூப்பர்வைசர் அம்மா ஒரு சேதி கொண்டுவந்தார். ஊரின் மறுகோடியில் புதுக்கிளை திறந்திருக்கிறார்கள், அனுபவமுள்ள ஒரு ஆள் வேண்டும், நெட்டைக்கு இஷ்டமா என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். போனால் போனதுதான், இரண்டு பஸ் மாறிப் போகிற தூரம், வேலை நேரமும் வேறு. அன்றைக்கு நெட்டை மடித்துக்கொண்டே, யாரிடமோ சொல்கிற மாதிரி, “அங்க வரச் சொல்றாங்க. போனாலும் சரி, இங்கயே இருந்தாலும் சரி” என்றார். ஒன்பது வருஷத்தில் அவர் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். அக்கா அடுத்த விரிப்பை எடுத்து, “இந்தாங்க” என்றாள்.

பொறுமை என்ற சரக்கு என்னிடம் பிறவியிலேயே கிடையாது. புதன்கிழமை அவர் மேல்மாடிக்குத் தள்ளுவண்டி கொண்டுபோன நேரம், ரேடியோவில் அந்தப் பாட்டு.

“அக்கா, எல்லாரும் சொல்லிட்டோம், நீங்கதான் பாக்கி. அந்தப் பொண்ணு என்ன பதில் சொல்லியிருப்பா?” என்று கேட்டேன்.

அக்கா கையை நிறுத்தவில்லை. “வந்த வழியே போகட்டும்னு சொல்லியிருப்பா.”

“ஐயோ பாவம், ஏங்கா?”

“அவ இடத்துல நான் இருந்தாலும் அதான் சொல்வேன்” என்றாள். முகத்தில் சிரிப்பில்லை.

மத்தியானம் நெட்டை இஸ்திரி மேசைப் பக்கம் வந்தார். வரவே மாட்டார், வந்தார். மடித்து வைத்த தலையணை உறைகளைத் தேவையில்லாமல் எண்ணிக்கொண்டே, “பாட்டப் பத்தி அவங்கள கேட்டீங்களாமே. என்ன சொன்னாங்க?” என்றார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். “போகட்டும்னு சொன்னாங்க” என்றேன். அவர் “சரி” என்றார். வியாழக்கிழமை காலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குச் சூப்பர்வைசர் அம்மா வந்து, “திங்கள்லேர்ந்து உனக்கு வேற ஜோடி போடறேன்” என்று அக்காவிடம் சொன்னபோதுதான் அவர் கையெழுத்துப் போட்ட விஷயமே அவளுக்குத் தெரிந்தது. நெட்டை மேல்மாடியில் இருந்தார். அக்கா நேரே என்னிடம் வந்தாள்.

“உனக்குத் தெரியுமா?”

தெரியும் என்றேன். எப்படித் தெரியும் என்றாள். திருட்டு முழி முழித்துக்கொண்டு நடந்ததைச் சொன்னேன். இரண்டு மாதமாக நாங்கள் யாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அக்கா சுவரோரம் இருந்த அழுக்குமூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

“நான் பாட்டுக்குச் சொன்னேன்டி. அவருக்குச் சொல்லல.”

“பாட்டுக்குத்தான் ஏன் அப்படிச் சொன்னீங்க?”

அப்போதுதான் அவள் அதைச் சொன்னாள். இருபத்திரண்டு வயதில் கல்யாணம். நாலாவது வருஷம் புருஷனுக்கு வெளியூரில் வேலை வந்ததாம். “நீ போன்னா போறேன், இருன்னா இருக்கேன்” என்று மாதக்கணக்கில் அதையே கேட்டானாம். அவனுக்குப் போகத்தான் ஆசை, அதை அவன் வாயால் சொல்லமாட்டான். ஒருநாள் நச்சரிப்புத் தாங்காமல், “சரி, போங்க” என்றாள். போனவன் திரும்பவில்லை. மாமியார் முதல் கூடப்பிறந்த தம்பி வரை எல்லோரும் அவளிடம் சொன்னது ஒன்றுதான்: நீதானே போகச் சொன்னாய்.

“அந்தப் பாட்டுல வர்றவனும் அதத்தான் பண்றான்” என்றாள். “நீயே சொல்லுன்னு கேக்குறது அன்பு மாதிரி இருக்கும். நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா பழி மொத்தமும் அவ தலையில. அவனுக்கு என்ன வேணும்னு ஒரு வரி பாடியிருக்கானா பாரு.”

நான் மூன்று சரணத்தையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். பாடியிருக்கவில்லை. இரண்டு மாதம் கேட்ட பாட்டு அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வெட்கமாக இருந்தது.

“இதையெல்லாம் அவர்கிட்ட சொல்லுங்கக்கா” என்றேன்.

“நான் சொல்லி அவர் இருந்தா, அதுவும் நான் சொன்னதாத்தானே ஆகும்” என்றாள். ஆனால் கண் கலங்கியிருந்தது. நெட்டை காலி வண்டியோடு உள்ளே வந்தபோது அவளே எழுந்து போனாள்.

“ஏங்க” என்று கூப்பிட்டாள். அறையே நிமிர்ந்து பார்த்தது. சோப்பு அண்ணன் போய் ரேடியோவை அணைத்தார்.

“நீங்க போறது என்னாலயா?”

நெட்டை என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். “நீங்க போகட்டும்னு...”

“நான் என்ன சொன்னேன்கிறத விடுங்க. என்னைக் கேட்டு நீங்க எதையும் முடிவு பண்ண வேண்டாம். உங்களுக்கு என்ன வேணும்? அத ஒரு தடவ, உங்க வாயால சொல்லுங்க.”

இவ்வளவு உயரமான மனுஷன் அவ்வளவு சின்னதாகத் தெரிந்ததில்லை.

“எனக்கு இங்க இருக்கத்தான் ஆசை” என்றார்.

“இதப் போய் அந்தம்மாகிட்ட சொல்லுங்க.”

போனார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவது தெரிந்தது. நெட்டை கையை ஆட்டிப் பேசி நாங்கள் பார்த்ததேயில்லை. சூப்பர்வைசர் அம்மா தலையை இடமும் வலமும் அசைத்தார். நெட்டை திரும்பி வந்தார்.

“பேர் நேத்தே அனுப்பிட்டாங்களாம். திங்கக்கிழமை அங்க சேர்ந்துதான் ஆகணும்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. பாவி, என் வாயால்தானே இத்தனையும். அக்கா மட்டும் அசையாமல் நின்றாள்.

“வேலைதானே மாறுது” என்றாள். “ஞாயித்துக்கிழமை நான் வீட்லதான் இருப்பேன்.”

நெட்டைக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. காது இரண்டும் சிவந்தன.

“நான் வரலாமா?”

அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“பத்து மணிக்கு வர்றேன்” என்றார்.