இரண்டு அண்ணாமலைகளும் என் மனைவியும்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு பௌர்ணமி அன்று நடந்தது இது. இடம், திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் என் மனைவி வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை லேப்.

அவளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எதையும் ஒன்றுக்கு இரண்டு தடவை பார்க்காமல் விடமாட்டாள். கல்யாணமான புதிதில் ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போனாள். புடவையின் ஓரம் சேரவில்லை என்று பிரித்துப் பிரித்து மடித்ததில், வேறு வேலை பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். லேப் டெக்னீஷியன் படிப்பு முடித்து இங்கே சேர்ந்த பிறகுதான் அவளுக்கு ஒரு நிம்மதி. என் அப்பா மட்டும் கேலியை விடவில்லை. ‘சிஐடி மருமவ’ என்பார்.

அன்று அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க அழைத்துப் போயிருந்தேன். லேபில் சரியான கூட்டம். புதிதாகச் சேர்ந்த பெண்தான் அப்பாவுக்கு ரத்தம் எடுத்தாள். ரிசல்ட் வந்தது. சர்க்கரை நானூறைத் தாண்டியிருந்தது. அப்பா முகம் செத்துவிட்டது.

மனைவி அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். “மாமா, உங்களுக்கு முன்னாடி கால்ல துணி சுத்திக்கினு ஒருத்தர் வந்தாரே, அவரு பேரும் அண்ணாமலைதான்” என்றாள். எங்கள் ஊரில் இது அதிசயமில்லை. தெருவுக்கு நாலு அண்ணாமலை உண்டு, என் அப்பாவும் அதில் ஒருவர். “அவருக்கு நார்மல்னு குடுத்து அனுப்பிட்டோம். ஆறாத புண்ணு இருக்கறவருக்கு நார்மல், உங்களுக்கு இவ்ளோ ஜாஸ்தியா? எனக்கு மனசு ஒப்பல. இன்னொரு வாட்டி எடுத்துடலாம்.”

“இன்னாம்மா, நான் பசு மாடா, வேளைக்கு ஒரு வாட்டி கறக்க?” என்று முணுமுணுத்துக்கொண்டே அப்பா கையை நீட்டினார். இந்தத் தடவை அவளே எடுத்தாள். அப்பாவுக்கு ஒன்றுமில்லை. புதுப் பெண் இரண்டு ட்யூபிலும் பெயர்ச் சீட்டை மாற்றி ஒட்டியிருக்கிறாள்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மனைவி அதற்குள் அந்த இன்னொரு அண்ணாமலைக்குப் போன் போட்டுப் பார்த்துவிட்டாள். “அந்தப் பெரியவருக்கு ஊரு அடி அண்ணாமலைங்க, மலைக்குப் பின்பக்கம். சர்க்கரை இல்லன்னதும், அப்போ வெறுங்கால்லயே கிரிவலமா நடந்து வீட்டுக்குப் போய்டுறேன்னு கிளம்பிட்டாரு. போனும் எடுக்கல. அந்தக் கால் போய்டும்ங்க, எப்படியாச்சும் கூட்டினு வாங்க.”

பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதையில் வண்டி விடமாட்டார்கள். கூட்டத்துக்குள் புகுந்து ஓடினேன். நான் “அண்ணாமலை” என்று கத்தினால், சுற்றியிருந்தவர்கள் எல்லாம் கையைத் தூக்கி “அரோகரா” என்றார்கள். அந்த அவஸ்தையை யாரிடம் சொல்ல? பெயரை விட்டுவிட்டுக் கால்களைப் பார்த்துக்கொண்டே போனேன். வலது காலில் பச்சைக் கரை வேட்டித் துணி, பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி வைத்து நடப்பார் என்று அவள் சொல்லி அனுப்பியிருந்தாள். எம லிங்கம் தாண்டி மோர்ப் பந்தலில் அந்தக் காலைக் கண்டுபிடித்துவிட்டேன். துணி ரத்தத்தில் ஊறியிருந்தது.

“எனக்கு ஒண்ணும் இல்லன்னுதானே சொன்னாங்க?” என்றார்.

“மாத்திச் சொல்லிட்டாங்க ஐயா. என் தோளைப் பிடிச்சுக்குங்க” என்றேன்.

மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். நானூறு அவருடையதுதான். மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள். அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். விரலில் தொடங்கியிருந்த அழுகல் மேலே ஏறுவதற்குள் நிறுத்திவிட்டார்கள்.

புண் ஆறியதும் அவர் லேபுக்கு வந்தார். “எத்தினியோ பேர் வர்ற எடத்துல என் காலப் பாத்து வெச்சிருந்தியேம்மா, என் வூட்ல கூட யாரும் பாக்கல” என்று சொல்லிக் கண் கலங்கினார்.

ஒருவரை இன்னொருவரோடு குழப்பாமல் அவராகவே பார்த்து மனசில் வைத்துக்கொள்வதில் எவ்வளவு பாசம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.