போன பிறகும் உள்ளே இருந்தேன்

நான் ஏழாவது வரைதான் படித்தேன். திருவொற்றியூர் தாண்டி ஒரு கண்டெய்னர் யார்டில், கேட் கேபினில் வேலை. வரும் டிரெய்லரின் எண், அதில் ஏறிப் போகும் பெட்டியின் எண், இரண்டையும் கம்ப்யூட்டரில் அடிக்க வேண்டும். இங்கிலீஷ் எழுத்து தெரிந்தால் போதும். தெரியும்.

முன்பு கேட்டுக்கு ஒரு பாஸ்வேர்டு, எடை மேடைக்கு ஒன்று, வருகைப் பதிவுக்கு ஒன்று. காலண்டருக்குப் பின்னால் எழுதி வைத்திருந்தோம். அப்புறம் ஒரு இன்ஜினியர் பெண் வந்தார். ஜாவா சர்வர் என்று ஏதோ சொன்னார். எங்களுக்குப் புரிந்தது இவ்வளவுதான். இனி ஆளுக்கு ஒரே பாஸ்வேர்டு. காலையில் ஒரு முறை போட்டால் எல்லாம் திறக்கும்.

மேனேஜர் எங்களை நிற்க வைத்துச் சொன்னார். "இனிமே உன் பேர்ல எது நடந்தாலும் நீதான். பாஸ்வேர்டை இன்னொருத்தனுக்குச் சொன்னா வேலை போயிடும். போலீஸுக்கும் போவேன்."

ஒரே சாவி. அது தொலைந்தால் எல்லாமே போச்சு. எனக்கு அன்றைக்கே பயம் பிடித்துக்கொண்டது.

காலை ஷிப்டு என்னுடையது. மதியம் வெளியேறும் பட்டனை அமுக்கிவிட்டுக் கிளம்புவேன். அதே நாற்காலியில் என் தோஸ்து வந்து உட்காருவான். புளியந்தோப்புக்காரன். வாய் ஓயாது.

ஒரு நாள் காலை கேட்டில் நுழையும்போதே வாட்ச்மேன் மேனேஜர் கூப்பிடுவதாகச் சொன்னான். போனேன். கஸ்டம்ஸ் நிறுத்தி வைக்கச் சொன்ன ஒரு பெட்டி முந்தின நாள் சாயங்காலம் வெளியே போயிருந்தது. தடையை எடுத்த ஆள் பெயர் திரையில் இருந்தது. என் பெயர்.

"சாயங்காலம் நான் இல்லை சார்."

"அப்போ பாஸ்வேர்டை யாருக்குக் குடுத்தே?"

இருந்தேன் என்றால் குற்றம். இல்லை என்றாலும் குற்றம்.

"நாளைக்கு கஸ்டம்ஸ்லேர்ந்து ஆபீசர் வரார். அவர்கிட்ட சொல்லு" என்றார்.

பக்கத்து யார்டில் பெட்டி விஷயமாக ஒருத்தனை ஜீப்பில் ஏற்றிப் போனதைப் பார்த்திருக்கிறேன். அவன் சைக்கிள் ரொம்ப நாள் அந்தச் சுவரில் சாய்ந்தே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. அன்று முழுக்க அந்த சைக்கிள்தான் கண்ணில் நின்றது.

மதியம் டீக்கடையில் தோஸ்து வந்தான்.

"இன்னா மாமு, மூஞ்சி தொங்கிகினு கீது?"

சொன்னேன். அவன் டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

"நான்தான் மாமு அமுக்குனேன்."

"நீ எப்பட்றா? உன் திரையிலதான் அந்த பட்டனே கெடையாதே." தடையை எடுக்கும் பட்டன் பழைய ஆள் என்று எனக்கு மட்டும் கொடுத்தது.

"கொஞ்ச நாளா பாஸ்வேர்டே கேக்கல மாமு. நீ போனதும் குந்துவேன். தொறப்பேன். தொறந்துக்கும். நல்ல சாமான் போட்டுகீறாங்கன்னு நெனச்சேன். நேத்துதான் கண்ணுல பட்டுச்சு, புதுசா ஒரு பட்டன் கீது. எனக்கும் புரமோசன் குட்த்துட்டாங்கன்னு நெனச்சுகினேன். ஒரு பொட்டி மட்டும் தடைன்னு கேட்ல நின்னுச்சு, பின்னாடி ரோடு வரைக்கும் வண்டி நிக்குது. டிரைவருங்க ஹாரன் அட்ச்சு சாவடிக்கிறானுங்க. அமுக்கிட்டேன்."

"மேலே யார் பேர் இருக்குதுன்னு பாக்க மாட்டியா கய்தே?"

"எழுத்து தம்மாத்தூண்டு கீது மாமு. எவன் பாக்குறது?"

டீக்குக் காசு கொடுத்தேன். பிறகு அவன், "நான் சொல்லிட்றேன்" என்றான்.

"சொன்னா, எப்படி உள்ள போனேன்னு கேப்பான். தானா தொறந்துச்சுன்னு சொல்லுவியா? நான்தான் பாஸ்வேர்டு குடுத்தேன்னு எழுதிடுவான். ரெண்டு பேருக்கும் போச்சு."

"அதுக்குன்னு உன்ன மாட்டிவுட சொல்றியா?"

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று அவனைப் போகச் சொன்னேன்.

வீட்டில் சோறு இறங்கவில்லை. "இன்னா, போட்டது அப்டியே கீது?" என்றாள் மனைவி. வயிறு சரியில்லை என்றேன். சொன்னால் அவளும் பயப்படுவாள். ஒரு வீட்டுக்கு ஒரு ஆள் பயந்தால் போதும்.

மறுநாள் ஒரு நல்லது நடந்தது. பெட்டி அகப்பட்டது. எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்கு நிற்கும் வண்டி வரிசை தெரியும்தானே. எல்லாரும் திட்டும் வரிசை. எங்கள் பெட்டியும் அதில்தான் நகராமல் நின்றிருக்கிறது. வாட்ச்மேன் பைக்கில் வரிசையோடு போய்த் தேடியிருக்கிறான். டிரைவர் வண்டிக்கு அடியில் ஸ்டவ் வைத்துச் சோறு வடித்துக்கொண்டிருந்தானாம். பெட்டியின் சீல் உடையவில்லை. ஆனால் என் பெயர் அப்படியே இருந்தது.

ஆபீசர் மேனேஜர் அறையில் இருந்தார். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். தோஸ்து பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவன் ஷிப்டுக்கு இன்னும் நேரம் இருந்தது. அவன் சொல்வானா என்று பயந்தேன். சொல்ல மாட்டானா என்றும் பயந்தேன். எது பெரிய பயம் என்று இன்றைக்கும் தெரியாது.

கூப்பிட்டார்கள். நான் வாயைத் திறக்குமுன் அவன், "நான்தான் சார் அமுக்குனேன். இவுரு ஒண்ணும் சொல்லிக் குடுக்கல. அதுவே தொறந்துச்சு" என்றான்.

மேனேஜர் சிரித்தார். "அதுவே தொறந்துச்சா? கோயில் கதவாடா அது?"

ஆபீசர் சிரிக்கவில்லை. "அதைப் போட்ட ஆளைக் கூப்பிடுங்க" என்றார்.

இன்ஜினியர் பெண் வந்தார். அப்படி நடக்க வாய்ப்பே இல்லை என்றார். என்னை உட்காரச் சொன்னார். பாஸ்வேர்டு போடச் சொன்னார். இரண்டு முறை தப்பாக அடித்தேன். அப்புறம் திறந்தது.

"இப்ப தினமும் எப்படி வெளியே போவீங்களோ, போங்க."

வெளியேறும் பட்டனை அமுக்கி எழுந்தேன். தோஸ்து உட்கார்ந்து திரையில் கேட் பக்கத்தைத் திறந்தான். எதுவும் கேட்கவில்லை. மேலே என் பெயர் வந்தது. அந்தப் பட்டனும் வந்தது.

அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துப்போனது. நேற்றிலிருந்து என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அப்போது தெரிந்தது. மறைக்க நினைத்திருந்தால் ஏதாவது இங்கிலீஷில் பேசியிருக்கலாம். செய்யவில்லை.

"தப்பு என்னோடது சார்" என்றார். "மெயின் கேட்ல ஒரு சீட்டு வாங்கினா உள்ளே எங்கேயும் கேக்க மாட்டாங்க இல்லையா, அதே மாதிரிதான் இது. இவர் அமுக்கின பட்டன் ஜாவா சர்வர்ல இருக்கிற கேட் பக்கத்தை மட்டும்தான் மூடுது. அந்தச் சீட்டைத் திரும்ப வாங்கிக்கலை. அது கம்ப்யூட்டர்லயே இருக்கு. அடுத்து யார் உட்கார்ந்தாலும் இவர்னு நினைச்சுக்குது."

ஆபீசர் எழுதிக்கொண்டார். என்னைப் போகச் சொன்னார். தோஸ்துவை இருக்கச் சொன்னார். நான் பெஞ்சிலேயே இருந்தேன். கதவு திறக்கும் வரை என் பயம் தீரவில்லை. ஆள்தான் மாறியிருந்தது. கடைசியில், தெரியாத பட்டனை அமுக்கினதுக்கு அவனுக்கு மெமோ. வேலை தப்பியது.

அந்தப் பெண் சில நாளில் சரி செய்துவிட்டார். ஒரு பட்டனில் எல்லாம் மூடும். ஆனாலும் நான் அமுக்கிவிட்டுக் கிளம்ப மாட்டேன். அவன் வந்து உட்காரும் வரை நிற்பேன்.

"மாமு, பூட்டியா?" போய்விட்டேனா என்று கேட்பான்.

"நீ பாத்து சொல்லு."

அவன் திறப்பான். திரை பாஸ்வேர்டு கேட்கும்.

"பூட்ட மாமு. கெளம்பு."

சாப்பாட்டுப் பையை எடுப்பேன். ராயபுரம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் ஒரு முறை தோன்றும். அங்கே இப்போது உட்கார்ந்திருப்பது அவன்தானே, நான் இல்லையே?