கடல் வாங்கித் தந்த நல்ல பேர்

என் அண்ணி கடற்கரையைக் கூட்டுகிறவள். நகராட்சி வேலை. அதே நகராட்சி ஆபீசில் நான் டீ போடுகிறேன். அதனால் அங்கே அதிகாரி பேசுவதும் என் காதில் விழும், வீட்டில் அண்ணி முனகுவதும் விழும். அவளுக்கு முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. குனிந்தால் நிமிர்வதற்குள் உயிர் போகிறது. பூங்கா வாசலில் டிக்கெட் கிழிக்கிற வேலை காலியாகப் போகிறது, உட்கார நாற்காலி உண்டு என்று நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் சொன்னேன். அன்றிலிருந்து அவளுக்கு அந்த நாற்காலி நினைப்புதான்.

எங்கள் கடலுக்கு ஒரு குணம் உண்டு. பாதி வருஷம் காற்று கடலிலிருந்து கரைக்கு வீசும். பூமி சுற்றுகிற சுற்றில் காற்று வளைகிறதாம், காற்று தண்ணீரை இழுத்துக்கொண்டு போகிறதாம். என் மகளின் பாடப்புத்தகத்தில் நீரோட்டம் என்று அழகாக அம்புக்குறி போட்டிருக்கிறது. அம்புக்குறி வந்து முடிகிற இடத்தில் அண்ணி துடைப்பத்தோடு நிற்பதை மட்டும் போடவில்லை. எந்த நாட்டுக்காரனோ குடித்துப் போட்ட பாட்டில், நமக்குப் படிக்கத் தெரியாத எழுத்தோடு வந்து சேரும். ஒற்றைச் செருப்பாக வரும். ஜோடியாக வந்ததே இல்லை. மீதிப் பாதி வருஷம் காற்றும் நீரோட்டமும் திசை மாறிவிடும். கரை துடைத்துவிட்ட மாதிரி கிடக்கும்.

புது அதிகாரி வந்து சேர்ந்தது அப்படித் துடைத்துவிட்ட சமயத்தில். காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். மனிதர் கரையைப் பார்த்துச் சொக்கிப்போய், கூட்டம் போட்டு அண்ணிக்குக் கேடயம் கொடுத்தார். இதுதான் சமயம் என்று அவள் நாற்காலியைக் கேட்டாள்.

“உங்கள மாதிரி ஆள எப்படிம்மா அங்க அனுப்புவேன்? கரை என்ன சுத்தம்!”

“அது நான் இல்லீங்க சார். காத்து திரும்பிடுச்சு. இப்போ குப்பை இந்தப் பக்கம் வராது.”

“பாருங்க, எவ்வளவு அடக்கம்!” என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது, கையில் டீத்தட்டு. வேலைக்கே ஒழுங்காக வராத ஒருத்தனுக்கு அந்த நாற்காலி போயிற்று. அவனை வேறு எங்கே வைப்பது என்றார்களாம்.

காற்று மறுபடி திரும்பியது. கரை முழுக்கப் பாட்டிலும் அறுந்த வலையும். அண்ணி இருட்டோடு போய் மூட்டை மூட்டையாக அள்ளினாள்; அவள் அள்ளி முடிப்பதற்குள் அடுத்த அலை கொண்டுவந்து கொட்டியது. அதிகாரி வந்து பார்த்தார்.

“கேடயம் வாங்கினதும் தலைக்கனம் ஏறிடுச்சு அந்தம்மாவுக்கு,” என்று ஆபீசில் கத்தினார்.

“அவங்க அன்னிக்கே சொன்னாங்களே சார், காத்து...” என்று நான் ஆரம்பித்தேன்.

“டீயில சக்கரை கம்மி,” என்றார்.

சாயங்காலம் அண்ணன் அவள் காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தான். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. “பழி ஓரிடம், பாவம் ஓரிடம்னு ஆயிடுச்சே அண்ணி! நீங்க ஏன் அந்தாள நல்லா நாலு வார்த்தை கேக்கல?”

“என்னத்தடி கேக்கறது? நல்ல பேர் கடல் வாங்கித் தந்துச்சு. கெட்ட பேரும் அதே கடல்தான் வாங்கித் தந்துச்சு. குனிஞ்சது மட்டும்தான் நான்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை. காலையில் சீக்கிரம் போகவேண்டும் என்று சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து படுக்கப் போனாள்.