பின்சீட்டில் உட்காருபவள்

என் மகனுடைய பழைய கார் ஏர் சஸ்பென்ஷன் வண்டி. பின்னால் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பைதான். அது கிழிந்து, வண்டி உட்கார்ந்துவிட்டது. திருப்பதிக் கடைக்காரர் மலிவான பையையும் கம்பெனிப் பையையும் எடுத்து வைத்தார். மலிவானது தூக்கிப்போடும் என்றார். மகன் அதைத்தான் எடுத்தான்.

"பின்னாடி யாருப்பா குந்துவாங்க?"

"அம்மாதான். மாசாமாசம் சித்தூர்லேர்ந்து ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு வரேன்."

கடைக்காரர் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா."

தலையைக் குனிந்தபடி, "நல்லதே போடுப்பா. குதிச்சா இடுப்பு வலிக்குது" என்றேன்.

"நான் கேட்டப்பெல்லாம் ஒண்ணுமில்லன்னியேம்மா!" என்றான் மகன்.

"உனக்குச் செலவு வெக்கக்கூடாதுன்னுதான் நைனா."

மகனிடம் மறைத்ததை முன்பின் தெரியாதவரிடம் எப்படிச் சொன்னேனோ!

கம்பெனிப் பையையே போட்டுக்கொண்டு திரும்பும்போது பாகாலாவில் வேகத்தடை வந்தது. "வலிக்குதாம்மா?" என்றான்.

இல்லை என்றேன். எப்போதும் சொல்வதுதான். அன்று அது உண்மை.